நன்றாகத் தெரிந்த குரல்

மாதக்கணக்கில் போடவே இல்லை என்று வீட்டுக்காரர் சொன்ன ஆம்ப்ளிஃபயர், காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றி மாதிரிச் சுட்டது.

சர்வேயர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

“சூடா இருக்கே சார்?”

“வெயில் காலமாச்சே,” என்றார்.

அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

அவள் நோட்டில் குறித்துக்கொண்டாள். இன்சூரன்ஸ் வேலையில் முதலில் கற்றுக்கொள்வதே இதுதான். பொய் சொல்கிறவர் வசதியானவராக இருந்தால் அதைப் பொய் என்று சொல்லக் கூடாது, ‘விவரம் சரிபார்க்க வேண்டும்’ என்று எழுதிக்கொள்ள வேண்டும். அதே பொய்யை அவள் வீட்டில் யாராவது சொன்னால் அதற்குத் திருட்டுத்தனம் என்று பேர். பாலிசி கொடுப்பதற்கு முன்னால் பொருளை நேரில் போய்ப் பார்த்து, தொட்டு, ஓடவிட்டு, சரி என்று கையெழுத்துப் போடுவது அவள் வேலை. நகை, பழைய கார், வெளிநாட்டுக் கடிகாரம். இன்றைக்கு ஒருவர் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதற்காகக் கட்டிய ஓர் அறை நிறையப் பெட்டிகள்.

வந்தபோது வாசலில் அவளைப் பார்த்ததும் வீட்டுக்காரர் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “ஆபீஸ்லேர்ந்து ஆள் வரலையா?”

“நான்தான் சார் ஆள்.”

இது பழகிப்போன வரவேற்புதான். அடுத்து அவர் கேட்டதுதான் பழகாதது. “நீங்க சொந்தமா எதையாவது கொண்டு வந்து போட்டுக் கேப்பீங்கதானே? உங்க ஆபீஸ்ல அப்படித்தான்னு சொன்னாங்க.” கேட்டுவிட்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி அவள் வாயையே பார்த்தார். ஆமாம் என்றதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அதற்கப்புறம்தான் உள்ளே வாங்க என்றார். காலில் செருப்பில்லை, தடித்த கம்பளிக் காலுறை. தன் சொந்த வீட்டிலேயே யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பது போல நடந்தார். மாடிப்படி அருகே வந்ததும் இன்னும் மெதுவாக நடந்தார்.

அறைக் கதவு கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரை விரித்தாலும் எட்டாத தடிமன். அது மூடிக்கொண்டபோது சத்தமே வரவில்லை. வெளியே இருந்த உலகத்தின் சத்தம்தான் அறுந்தது, தெருவில் போன வண்டி, பக்கத்து வீட்டுக் குழாய், எங்கோ குரைத்த நாய் எல்லாம் ஒரே வெட்டில் போய், காதுக்குள் பஞ்சை வைத்து அழுத்தியது போல் ஆகி, அவள் எச்சில் விழுங்குவது அவளுக்கே கேட்டது. சுவர் முழுக்கச் சாம்பல் நிறத் துணி, தரையில் கணுக்கால் வரை அமுங்கும் கம்பளம், கூரையிலும் ஏதோ மெத்தை. சூடேறிய தூசியின் வாடை, மர வார்னிஷ் வாடை, அவற்றுக்கு அடியில் இன்னொன்று, நெடுநாள் படுக்கையில் கிடந்த ஒருவர் ஜன்னலைத் திறக்காமல் மூச்சு விட்டுக்கொண்டே இருந்த அறையில் வருமே, அந்த வாடை. எதிர்ச் சுவர் ஓரமாக அவளைவிட உயரமான இரண்டு கறுப்பு ஸ்பீக்கர்கள். நடுவில் ஆள் நிற்கிற அளவுக்கு வெற்றிடம். அதற்கு நேரே ஒரே ஒரு நாற்காலி.

ஒயர்கள் மணிக்கட்டுத் தடிமன் இருந்தன. தரையில் படாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் கீழே குட்டிக் குட்டி மரத்தாங்கி. ஒயருக்குக் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருக்கிறான் மனுஷன், என்று நினைத்தாள். அவள் காலேஜ் படித்த காலம் முழுக்க அவளும் அக்காவும் ஒரே போர்வையை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு தூங்கியவர்கள். அந்தப் போர்வையிலும் பாதிக்கு மேல் அவள் பக்கம்தான் இருக்கும். காலையில் பரீட்சை இருக்கிறவளுக்குக் குளிரக் கூடாதாம். அக்காவுக்குப் பரீட்சை எதுவும் இல்லை. அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தித் தையல் மிஷினில் உட்கார வைத்து வெகு காலம் ஆகியிருந்தது.

பெட்டிகளின் நம்பர்களைப் படமெடுத்து முடித்தாள். வீட்டுக்காரர் கதவில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இனிமே போட்டுப் பாப்பீங்களா?”

“போட்டுப் பாக்காம எப்படி சார் கையெழுத்துப் போடறது?”

அவள் ஆபீசில் அதற்கு ஒரு முறை உண்டு. எப்போதோ ஒரு கஸ்டமர், கிழிந்த ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு, கிழிசல் தெரியாத மாதிரிப் பாட்டாகப் பொறுக்கிப் போட்டுக் காட்டி பாலிசி வாங்கிவிட்டார். அன்றிலிருந்து மேனேஜர் ஒரே பிடிவாதம். கஸ்டமர் போடுவதைக் கேட்கக் கூடாது. பாட்டே கூடாது. “நல்லாத் தெரிஞ்ச மனுஷக் குரலாக் கொண்டு போம்மா. பாட்டுல பிசிறு இருந்தா காது மன்னிச்சுடும். பெத்தவ குரல்ல பிசிறு இருந்தா மன்னிக்காது.”

அவள் கொண்டு போவது அக்காவின் குரல். போனில் அக்கா பேசி அனுப்பியது. போகிற வீட்டிலெல்லாம் அதைத்தான் போடுவாள். அக்காவுக்கும் தெரியும். “பணக்காரன் வீட்டு ஹால்ல எல்லாம் நான் சத்தம் போட்டுப் பேசிட்டு வரேன். என்னை ஒருத்தன் வெளியே போன்னு சொன்னானா?” என்று அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொள்வாள்.

போனை ஒயரில் மாட்டினாள்.

“யார் குரல்?” என்றார் வீட்டுக்காரர்.

“எங்க அக்கா.”

“இருக்காங்களா?”

“இருக்காளாவா? என்ன சார் கேள்வி இது. குத்துக்கல்லாட்டம் இருக்கா.”

“நல்லது,” என்றார். நிஜமாகவே நிம்மதியாகச் சொன்னார். பிறகு பின்பக்கம் கையை நீட்டிக் கதவின் கைப்பிடியை ஒரு திருகு திருகினார்.

அவள் அடியோடு குறைத்து வைத்திருந்த வால்யூமை ஏற்றிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தட்டினாள்.

“ஏய் ஆபீசர்! சாப்டியா இல்லையா? போனை எடுக்க மாட்டே, பெரிய மனுஷி ஆயிட்ட. இங்க கேளு, நேத்து ஒருத்தி வந்து, சட்டை தொளதொளன்னு இருக்குன்னு ஒரே சண்டை. நீ இளைச்சுப் போனதுக்கு நான் என்னம்மா பண்றதுன்னு கேட்டேன். பைத்தியம், பல்லெல்லாம் தெரிய சிரிச்சுக்கிட்டுக் காசைக் கொடுத்துட்டுப் போறா!”

எத்தனையோ வீட்டில் கேட்டதுதான். ஆனால் இப்படிக் கேட்டதில்லை. சத்தம் இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் வரவில்லை. நடுவில் இருந்த வெற்றிடத்திலிருந்து வந்தது. அங்கே அக்கா உட்கார்ந்திருந்தாள். வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று விரலால் காட்டிவிடலாம். பின்னால் மிஷினின் மிதி, பல்லால் நூலைக் கடித்து அறுக்கிற டிக், ஸ்டூலின் ஒரு கால் ஆடுகிற சத்தம். கடைசியில் அக்கா சிரித்து, சிரிப்பு முடியும்போது வழக்கம் போல மூக்கால் ஒரு உறிஞ்சல்.

பிசிறு இல்லை. ஒரு மயிரிழை கூட இல்லை.

சர்வேயருக்குக் கண் கலங்கியது. அதற்காக எரிச்சலும் வந்தது. இவ்வளவு சுத்தமாகக் கேட்க வேண்டுமென்றால் இவ்வளவு செலவு பண்ண வேண்டியிருக்கிறது.

போனில் ஒலி முடிந்துவிட்டது. திரையில் எதுவும் ஓடவில்லை.

நடுவில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இரைச்சல், என்று நினைத்தாள். பழைய ஆம்ப்ளிஃபயரில் ஒரு மெல்லிய இரைச்சல் இருக்கும். ஆனால் இரைச்சல் நின்று நின்று வராது. இரைச்சலுக்கு மூக்கடைப்பு இருக்காது. அக்காவுக்கு நூல் தூசியால் எப்போதும் இடது மூக்கு அடைத்திருக்கும்.

ஒயரைப் போனிலிருந்து பிடுங்கினாள்.

மூச்சு நிற்கவில்லை.

“ஏய்,” என்றது குரல், வெற்றிடத்திலிருந்து. மெதுவாக. தூக்கத்திலிருந்து எழுந்தவள் போல. “யாருடி லைட்டை அணைச்சது?”

பிடுங்கிய ஒயர் அவள் கையில் தொங்கியது.

“சார், இது என்ன சார்? வேற எங்கேயாவது கனெக்ஷன் இருக்கா? என் போனைப் பிடிச்சு ஏதாவது பண்றீங்களா?”

வீட்டுக்காரர் காலுறைக் காலோடு ஓசைப்படாமல் வந்து, அந்த வெற்றிடத்துக்கு எதிரே கம்பளத்தில் முட்டி போட்டார். 

“அம்மா,” என்றார், “பயப்படாதீங்க. நான் சொல்றது கேக்குதா?”

“யாரு இது?” என்றது அக்காவின் குரல். “ஏய், எங்கடி இருக்க? இப்ப இங்க உன் குரல் கேட்டுச்சே.”

“அக்கா,” என்றாள் சர்வேயர். அவள் சொன்னதைச் சுவர்கள் அப்படியே விழுங்கின. “அக்கா, நீ எங்க இருக்க?”

“மிஷின்லதான்டி இருந்தேன். இப்ப கையை நீட்டினா மிஷின் இல்லை. ஒண்ணுமே இல்லை. கண்ணைத் திறந்துதான் வெச்சிருக்கேன்.”

போன் அவள் கையில் அதிர்ந்தது. அம்மா.

“ஏண்டி,” அம்மா மூச்சிரைத்தாள், “உங்க அக்காவை வந்து பாருடி. மிஷின்ல உக்காந்த மேனிக்கே இருக்கா. உலுக்கினேன், திரும்ப மாட்டேங்கிறா. வாய் மட்டும் அசையுதுடி. பேசற மாதிரியே அசையுது. சத்தம் வரலை!”

“டாக்டரைக் கூப்பிடும்மா. பக்கத்து வீட்ல சொல்லு. போனை வெக்காதே. ஓடு.”

சொல்லிவிட்டு எழுந்தாள். சுவரில் பெரிய இரும்பு ஸ்விட்ச் ஒன்று இருந்தது, எல்லாப் பெட்டிக்கும் சேர்த்து. இரண்டே எட்டில் போய் அதன் மேல் கையை வைத்தாள்.

“அணைச்சுடாதீங்க!”

அவர் கத்தவில்லை. கெஞ்சினார். அதனால்தான் அவள் கை நின்றது.

“என் மனைவிக்கும் இப்படித்தான் ஆச்சு. விளையாட்டாத்தான் அவ பேசினதைப் பதிஞ்சு போட்டேன், எவ்வளவு நிஜமாக் கேக்குதுன்னு பாக்க. மாடியில இருக்கா. அதே மாதிரி, வாயை அசைச்சுக்கிட்டு. இங்க உக்காந்தா அவ பேசறது கேக்கும். பேசிக்கிட்டுதான் இருந்தோம், ரெண்டு பேரும். அன்னியிலேர்ந்து ஒரு நாள் கூட நான் இதை அணைச்சதில்லை. போன மழையில ஒரு தடவை கரண்ட் போச்சு. கண் இமைக்கிற நேரம்தான். திரும்ப வந்தப்போ மாடியில அவ வாய் நின்னு போச்சு. இங்கயும் பேச்சு இல்லை. மூச்சு மட்டும்.”

“அப்ப இன்சூரன்ஸ்?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“இன்சூரன்ஸெல்லாம் வேண்டாம்மா. உங்க ஆபீஸ்ல மட்டும்தான் உயிரோட இருக்கறவங்க குரலைக் கொண்டு வந்து போடுவாங்கன்னு சொன்னாங்க. உள்ள ஒரு ஆள் போய்ப் பாத்துச் சொல்லணும். அந்த மூச்சு அவளோடதுதானான்னு. எனக்கு வேற வழி இல்லை.”

“உங்களுக்குச் சொந்தக்காரங்க இல்லையா? அண்ணன், தம்பி, பிள்ளைங்க?”

“இருக்காங்க,” என்றார், இவள் ஏதோ நாகரிகம் இல்லாததைக் கேட்டுவிட்டது போல. “அவங்களை எப்படிம்மா?”

அவளுக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது. அவர் கழுத்தைப் பிடித்து அந்த ஒயராலேயே இறுக்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் கை ஸ்விட்சின் மேல் இருந்தது. கையை எடுக்கப் பயம். அழுத்தப் பயம். இந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவள் படித்த படிப்பு எதுவும் சொல்லிக் கொடுத்ததில்லை.

“ஏய்,” என்றது அக்காவின் குரல். சின்னதாகிவிட்டிருந்தது. “அந்த ஆள் சொல்றது நிஜமா? என்னடி நடக்குது?”

“ஒண்ணும் இல்லைக்கா. நான் இருக்கேன். அப்படியே இரு. அசையாதே.”

“அசையாம இருன்னா? நான் என்ன போட்டோவுக்கா உக்காந்திருக்கேன்?” சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. மூக்கு உறிஞ்சல் மட்டும் வந்தது.

வீட்டுக்காரர் முட்டியாலேயே நகர்ந்து இன்னும் கிட்டப் போனார். “அம்மா, உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா? கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்க.”

“நீ ஒண்ணும் கேக்க வேண்டாம்!” என்று கத்தினாள் சர்வேயர். அறை அதையும் விழுங்கியது.

 அக்கா மூச்சை அடக்கிக்கொண்டாள். அப்போதுதான் தெரிந்தது, இவ்வளவு நேரமும் அங்கே இரண்டு மூச்சு இருந்தது. ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே நேரத்தில் இழுத்து, ஒரே நேரத்தில் விட்டு. அக்காவினுடையது நின்றதும் மற்றது தனியாகத் தெரிந்தது. அதில் மூக்கடைப்பு இல்லை. ஈரம் இருந்தது.

“இருக்காங்க,” என்றாள் அக்கா.

“பொம்பளையா?” வீட்டுக்காரரின் கண் நிறைந்துவிட்டது. “அவதானா? கேளுங்கம்மா, பேரைக் கேளுங்க.”

“தெரியலைங்க. மூச்சு கால்கிட்டேர்ந்து வருது.” கொஞ்சம் நிறுத்தினாள். “தலைக்கு மேலேர்ந்தும் வருது. ரெண்டு ஆள் இல்லைங்க. ஒரே மூச்சுதான்.”

வீட்டுக்காரர் அப்படியே பின்னுக்குச் சரிந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் அழுகை இல்லை, பயம் கூட இல்லை. எல்லாம் வடிந்துபோன முகம். மெதுவாகத் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். மாடி இருக்கிற பக்கம்.

“அப்ப இத்தனை நாளா,” என்றார், “நான் ராப்பகலா உக்காந்து பேசிக்கிட்டிருந்தது...”

அவள் கேட்கவில்லை. ஸ்விட்சைப் பிடித்தபடியே, நீட்டிய இன்னொரு கையில் போனை வைத்துக்கொண்டு, “அக்கா, அதைத் தொடாதே. தள்ளி வா. என் குரல் வர்ற பக்கமா வா,” என்றாள்.

“நான் தொடலடி.”

“அக்கா...”

“அதுதான் என்னைத் தொடுது.”

சர்வேயர் கட்டை விரலை ஸ்விட்சின் மேல் வைத்தாள். அழுத்தவில்லை. அணைத்தால் அக்கா அங்கேயே நின்றுவிடுவாள். மாடியில் இருப்பவள் போல. அணைக்காவிட்டால்.

அணைக்காவிட்டால்.

“அம்மா!” போனில் கத்தினாள். “அம்மா, வீடியோ போடு. அந்தப் பச்சை பட்டன். அக்காவைக் காட்டு.”

திரை ஆடியது. கூரை. சுவர். அம்மாவின் கட்டை விரல். பிறகு அக்கா. தையல் மிஷின் முன்னால், ஜன்னல் வெளிச்சத்தில், நேராக. கால் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தது. துணி எப்போதோ தீர்ந்துபோய், ஊசி வெறும் தகட்டில் குத்திக் குத்தி நூலைச் சிக்குப் பந்தாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. வாய் அசைந்தது.

ஸ்பீக்கருக்கு நடுவில் குரல். திரையில் உதடு. இரண்டும் ஒன்றாக.

“ஏய், சின்னவளே.” சின்ன வயதில் கூப்பிட்டது. “லைட்டைப் போடுடி. ஒரு தடவை போடு. என்னன்னு பாத்துடறேன்.”

“எப்படிப் போடறதுன்னு தெரியலைக்கா.”

“இவ்வளவு படிச்சிருக்கியேடி.”

அதில் கேலி இல்லை. அக்கா நிஜமாகவே அப்படி நம்பினாள்.

பிறகு குரல் அடைந்துபோனது. துணிக்குள்ளிருந்து பேசுவது போல. ம்ம், என்றது. ம்ம். ம்ம்.

திரையில் உதடு நின்றது. உள்ளே அமுங்கியது. அக்காவின் வாய்க்கு மேல் எதுவும் இல்லை. வெளிச்சம் மட்டும்தான் விழுந்தது.

“என்னடி இது?” அம்மாவின் குரல் போனில். “கன்னத்தைப் பாருடி. ஐயோ, கன்னத்தைப் பாரு.”

வாய் ஓரத்தில் ஒரு குழி விழுந்தது. விரல் அழுந்துகிற குழி. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. தாடை வழியாகக் காது வரை, வரிசையாக, நிதானமாக, ஒவ்வொன்றாக. அக்காவின் கண் இமைக்காமல் அவளையே பார்த்தது.

அவள் எண்ணினாள்.

எண்ணி முடிக்கவில்லை. குழிகள் கழுத்தில் இறங்கி, இன்னும் விழுந்துகொண்டே இருந்தன.